வேபிரிட்ஜ் மென்பொருளில் சர்வீஸ் லொக்கேட்டர்: சர்வர் எழுந்துவிட்டது, திரை எழவில்லை

எடைச்சீட்டு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் வேபிரிட்ஜ் (வண்டி எடை மேடை) மென்பொருளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எழுதியது நான் இல்லை. எழுதியவர்கள் யாரும் இப்போது தொடர்பில் இல்லை. ஜாவா 6, இஜேபி 2 (சர்வரில் ஓடும் சேவைகளை எழுத ஜாவாவில் இருந்த பழைய முறை) காலத்துக் கோடு. ஆபீஸ் அறையில் ஒரு ஆப் சர்வர், இரண்டு வேபிரிட்ஜ் அறைகளில் ஸ்விங் (ஜாவாவின் டெஸ்க்டாப்) திரை. பெங்களூரா காய் வரத்து உச்சத்தில் இருக்கிறது, ராத்திரி பகல் பார்க்காமல் லாரியும் டிராக்டரும் வந்துகொண்டே இருக்கின்றன.

போன வாரம் இரவு கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுப்பதற்குள் யூபிஎஸ் கைவிட்டு, சர்வர் விழுந்தது. வேபிரிட்ஜ் அறைகளுக்குத் தனி யூபிஎஸ் என்பதால் அங்கே எதுவும் அணையவில்லை. நாலு நிமிடத்தில் சர்வர் எழுந்துவிட்டது. ஆபீஸ் அறையில் புதிதாகத் திறந்த திரை நன்றாக ஓடுகிறது. ஆனால் வேபிரிட்ஜ் அறைகளில் ‘சேவ்’ அழுத்தினால் பிழை, மறுபடி அழுத்தினாலும் பிழை. திரையை மூடித் திறந்தால் சரியாகிவிடும். ஆனால் முதல் எடை போட்டு உள்ளே போன வண்டிகளின் பட்டியல் திரையில்தான் இருக்கிறது, மூடினால் அது போய்விடும். அதனால் ஆபரேட்டர் மூட மாட்டேன் என்றார். நான் கிருஷ்ணகிரியிலிருந்து பைக்கில் போய்ச் சேரும்வரை வண்டிகள் மெயின் ரோடு வரை நின்றன. வெயிலில் வந்த காய், இரவெல்லாம் லாரியிலேயே. விவசாயிகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கோடில் ‘சர்வீஸ் லொக்கேட்டர்’ என்று ஒரு கிளாஸ் இருக்கிறது. உள்ளே ஒரு ஸ்டாட்டிக் மேப், அதாவது ப்ரோக்ராம் ஓடும்வரை நினைவகத்தில் நிற்கும் சாவி-மதிப்புப் பட்டியல். ஒருமுறை தேடி எடுத்ததை அதில் போட்டு வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதையே கொடுக்கிறது. இந்தக் கேஷை எடுத்துவிட்டால் போதுமா?

—

பழையஜாவா எழுதியது:

தம்பி, எதையும் எடுக்காதீர்கள். முதலில் பிழையின் பெயரை எழுத்து மாறாமல் போடுங்கள். மேப்பில் சாவி என்ன, மதிப்பு என்ன என்பதையும் சொல்லுங்கள்.

அதுவரைக்கும், இந்த வடிவம் ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் தருமபுரியில் இப்போது பாடம் நடத்துகிறேன், முன்பு ஏழெட்டு ஆண்டுகள் இதே கோடுதான் எழுதினேன். இஜேபி 2-இல் ஒரு சேவையை அழைக்க வேண்டுமென்றால் முதலில் ஜேஎன்டிஐ-யில் (பெயர் சொல்லிச் சேவைகளைத் தேடும் ஜாவாவின் வசதி) இனிஷியல் கான்டெக்ஸ்ட், அதாவது தேடலின் தொடக்கப் புள்ளி, உருவாக்க வேண்டும், பெயரைக் கொடுத்துத் தேட வேண்டும், கிடைத்ததை ‘நேரோ’ செய்து ஹோம் (சேவையை உருவாக்கித் தருவது) இடைமுகமாக மாற்ற வேண்டும், அந்த ஹோமிடம் ‘கிரியேட்’ கேட்க வேண்டும். அப்புறம்தான் உங்கள் வேலை. ஒவ்வொரு படியிலும் ஒரு எக்ஸெப்ஷன். தேடுவது வேறொரு கணினியில் என்றால் ஒவ்வொரு தேடலும் நெட்வொர்க்கில் ஒரு பயணம். இந்தக் கோடு ஐம்பது திரைகளில் ஐம்பது முறை எழுதப்பட்டிருந்தது. அதை ஒரே கிளாஸில் அடக்கி, ஹோமை ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சன் நிறுவனத்தின் ஜே2ஈஈ வடிவப் பட்டியல் சொன்னது. அதுதான் சர்வீஸ் லொக்கேட்டர். அன்றைக்கு அது பெரிய நிம்மதி.

—

ஓசூர்_பேருந்து எழுதியது:

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணா. 2024 தாண்டியும் ஹோம், நேரோ என்று பேசிக்கொண்டிருப்பதே பிரச்சினை. 2006-இல் வந்த இஜேபி 3-லேயே ஹோம் இடைமுகம் தேவையில்லை என்று ஆகிவிட்டது. ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க் 1.0 வந்தது 2004-இல். மென்பொருள் நூலாசிரியர் மார்க் சீமன் 2010-லேயே சர்வீஸ் லொக்கேட்டர் ஒரு எதிர்வடிவம் (தவிர்க்க வேண்டிய வடிவம்) என்று எழுதிவிட்டார். மொத்தத்தையும் டிபென்டன்சி இன்ஜெக்ஷனுக்கு (கிளாஸ் தானே தேடாமல், வேண்டிய சேவையை வெளியிலிருந்து கொடுக்கும் முறை) மாற்றுங்கள்.

—

எடைச்சீட்டு எழுதியது:

மாற்றலாம் அண்ணா. ஆனால் ஆடி முடியும்வரை ஆலை நிற்காது, இப்போது அதைத் தொட யாரும் விடமாட்டார்கள். எனக்கு இருப்பது அதிகாலையில் வண்டி குறையும் ஒரு மணி நேரம்தான்.

பழையஜாவா சார், பிழை இது: ‘ஜாவா டாட் ஆர்எம்ஐ டாட் நோ சச் ஆப்ஜெக்ட் எக்ஸெப்ஷன்: நோ சச் ஆப்ஜெக்ட் இன் டேபிள்’. மேப்பின் சாவி ஜேஎன்டிஐ பெயர், மதிப்பு ஹோம். மேப் சாதாரண ஹாஷ்மேப். ‘கெட் ஹோம்’ என்று ஒரே ஒரு மெத்தட். மேப்பிலிருந்து எதையும் நீக்குகிற கோடு எங்குமே இல்லை.

—

பழையஜாவா எழுதியது:

கடைசி வரிதான் நோய். போடத் தெரிந்தது, எடுக்கத் தெரியவில்லை.

உங்கள் கையில் இருக்கும் ஹோம் உண்மையான பொருள் இல்லை, ஸ்டப், அதாவது சர்வரில் இருக்கும் பொருளுக்கு இங்கே நிற்கும் பதிலாள். அதற்குள் சர்வரின் முகவரி, போர்ட், சர்வர் அந்தப் பொருளுக்குக் கொடுத்த அடையாள எண் மூன்றும் இருக்கின்றன. சர்வர் விழுந்து எழுந்தபோது அதே பொருளை மறுபடி உருவாக்கி வேறு எண் கொடுத்துவிட்டது. உங்கள் ஸ்டப் பழைய எண்ணைச் சொல்லிக் கேட்கிறது. ‘அப்படி ஒருவர் என் பட்டியலில் இல்லை’ என்று சர்வர் பதில் சொல்கிறது. புதிதாகத் திறந்த திரை புதிதாகத் தேடுவதால் அதற்குப் புது எண் கிடைக்கிறது.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மென்பொருளில் மாவட்டப் பட்டியல் சர்வர் தொடங்கும்போது ஒருமுறை ஏறி, அப்படியே நினைவகத்தில் நிற்கும். டேட்டாபேஸில் மாற்றிய பிறகும் ஓசூருக்கும் ஊத்தங்கரைக்கும் போன கடிதங்களில் ‘தருமபுரி மாவட்டம்’ என்றே அச்சாகிக்கொண்டிருந்தது. சர்வரை ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் மாறியது. ஆனால் கடிதங்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன, ஏனென்றால் பின்கோடு மாறவில்லை. உங்கள் விஷயத்தில் மாறியது பின்கோடே.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். லொக்கேட்டரில் ‘மற’ என்று ஒரு மெத்தட் வையுங்கள். அழைப்பு இந்தப் பிழையோடு திரும்பினால் அந்தச் சாவியை மேப்பிலிருந்து நீக்கி, மறுபடி தேடி, ஒரே ஒரு முறை மட்டும் மறுபடி அழையுங்கள்.

—

தொப்பூர்க்கணவாய் எழுதியது:

ஒரு நிமிடம். மறுபடி அழைப்பது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். இது எடை பதிவு. முதல் அழைப்பு உண்மையில் சேமித்துவிட்டு, பதில் மட்டும் வராமல் போயிருந்தால்? ஒரே வண்டிக்கு இரண்டு பதிவு. பத்து டன் காய்க்கு இரண்டு முறை பணம், இல்லை என்றால் கணக்குச் சரிபார்க்கும்போது விவசாயி மேல் சந்தேகம். நான் டெஸ்டிங்கில் இருக்கிறேன், இந்த ‘ரீட்ரை’ என்கிற ஒரு சொல்லால் வந்த வினைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

—

பழையஜாவா எழுதியது:

மிகச் சரியான கேள்வி. அதனால்தான் பிழையின் பெயரை எழுத்து மாறாமல் கேட்டேன்.

‘நோ சச் ஆப்ஜெக்ட்’ வந்தால் மறுபடி அனுப்பலாம் என்று ஜாவாவின் ஆவணமே சொல்கிறது. ஆர்எம்ஐ-யின் (வேறு கணினியில் இருக்கும் பொருளை அழைக்கும் ஜாவாவின் முறை) ‘அதிகபட்சம் ஒருமுறை’ என்கிற வாக்குறுதி அதனால் உடையாது. சர்வரில் அந்தப் பொருளே இல்லாதபோது வேலை நடந்திருக்க வழியில்லை. ‘கனெக்ட் எக்ஸெப்ஷன்’ வந்தாலும் அப்படித்தான், இணைப்பே மறுக்கப்பட்டது என்று பொருள்.

‘மார்ஷல் எக்ஸெப்ஷன்’ வந்தால் அழைப்பு போய்ச் சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம். ‘அன்மார்ஷல் எக்ஸெப்ஷன்’ பதிலைப் படிக்கும்போது வருவது, எனவே சர்வர் வேலையை முடித்தே இருக்கலாம். இந்த இரண்டிலும் ஹோமை மறக்கலாம், மறுபடி அழைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் தாயான ‘ரிமோட் எக்ஸெப்ஷன்’ என்று ஒரே கேட்ச் போட்டு ரீட்ரை செய்தீர்களானால் கணவாய் சொன்னது கட்டாயம் நடக்கும். தம்பி, இந்த ஒரு பத்தியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

—

தொப்பூர்க்கணவாய் எழுதியது:

இதை நான் இவ்வளவு துல்லியமாக அறிந்திருக்கவில்லை, நன்றி சார். ஆனாலும் பிழையின் பெயரை மட்டும் நம்பி விடாதீர்கள். சீட்டு எண்ணை வேபிரிட்ஜ் கணினியிலேயே உருவாக்கி, மேடை எண்ணோடு சேர்த்து அனுப்புங்கள். டேட்டாபேஸில் அந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் தனித்தன்மைக் கட்டுப்பாடு போடுங்கள். அதே சீட்டு இரண்டாம் முறை வந்தால் டேட்டாபேஸே தடுக்கும்.

—

பர்கூர்_மாணவி எழுதியது:

நான் இறுதியாண்டு படிக்கிறேன். இரண்டு சந்தேகம். ஸ்பிரிங் கன்டெய்னரும் (பொருள்களை உருவாக்கிக் கொடுக்கும் பகுதி) உள்ளே ஒரு மேப்தான் வைத்திருக்கிறது, பெயரைக் கேட்டால் பொருளைத் தருகிறது. அப்படியென்றால் லொக்கேட்டருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டாவது, லொக்கேட்டரில் எதை எல்லாம் கேஷ் செய்யலாம்? சேவையையே கேஷ் செய்துவிட்டால் ‘கிரியேட்’ செலவும் மிச்சம்தானே?

—

தொப்பூர்க்கணவாய் எழுதியது:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன் தங்கச்சி. கேட்பது யார் என்பதில்தான் வித்தியாசம். இன்ஜெக்ஷனில் உன் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரை (பொருளை உருவாக்கும்போது ஓடும் பகுதி) பார்த்தாலே அதற்கு விலைச் சேவையும் எடைச் சேவையும் வேண்டும் என்று தெரிந்துவிடும். லொக்கேட்டரில் கன்ஸ்ட்ரக்டர் காலியாக இருக்கும். உள்ளே நாற்பதாவது வரியில் ஒரு ‘கெட் ஹோம்’ ஒளிந்திருக்கும். டெஸ்ட் எழுதப் போனால், ஓட்டிப் பார்த்து, பிழை வந்த பிறகுதான் எது தேவை என்று தெரியும். போதாததற்கு மேப் ஸ்டாட்டிக். ஒரு டெஸ்டில் போட்ட போலிச் சேவை அடுத்த டெஸ்டிலும் உட்கார்ந்திருக்கும். தனித்தனியாக ஓட்டினால் பச்சை, சேர்த்து ஓட்டினால் சிவப்பு. எனக்கு லொக்கேட்டரைப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் இந்தச் சிவப்புதான். ஸ்பிரிங்கிலும் நீ கோடுக்குள் ‘கெட் பீன்’ என்று கூப்பிட்டால் அந்த இடத்தில் அதுவும் லொக்கேட்டர்தான்.

—

ஓசூர்_பேருந்து எழுதியது:

நான் சொன்னதும் இதுதான்!

—

பழையஜாவா எழுதியது:

கணவாய் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் மார்ட்டின் ஃபவுலர் 2004 ஜனவரியில் இந்த இரண்டையும் வைத்து எழுதிய கட்டுரையை முழுதாகப் படியுங்கள். எந்தச் சேவை என்று அமைப்பதையும் அதைப் பயன்படுத்துவதையும் பிரித்து வைப்பதுதான் முக்கியம், இரண்டில் எதைத் தேர்கிறோம் என்பது அதற்கு அடுத்தபடிதான் என்கிறார். இன்ஜெக்ஷனுக்கு மாறினால் எடைச்சீட்டின் நோய் போகுமா? போகாது. கன்டெய்னர் அதே பழைய ஸ்டப்பைக் கன்ஸ்ட்ரக்டர் வழியாக மரியாதையாகக் கொடுக்கும். அது கேஷின் நோய், வடிவத்தின் நோய் இல்லை. உள்ளே இருப்பது எப்போது செல்லாமல் போகும் என்ற கேள்வி இரண்டிலும் அப்படியே நிற்கிறது.

மாணவிக்கு: சேவையைக் கேஷ் செய்யாதீர்கள், சேவைக்குப் போகும் வழியைச் செய்யுங்கள். ஹோம், டேட்டா சோர்ஸ் (டேட்டாபேஸ் இணைப்பைத் தருவது), ஜேஎம்எஸ் கனெக்ஷன் ஃபேக்டரி (செய்தி வரிசைக்கு இணைப்பைத் தருவது) எல்லாம் வழிகள். பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம், யாருடைய நிலையும் அதில் ஒட்டாது. டேட்டா சோர்ஸிலிருந்து எடுத்த கனெக்ஷனை மேப்பில் வைத்தால் இரண்டு த்ரெட் (ஒரே ப்ரோக்ராமில் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே டிரான்சாக்ஷனில் கை வைக்கும், பூலுக்கும் (இணைப்புகளின் பொதுத் தொகுப்பு) அது திரும்பிப் போகாது. ஸ்டேட்ஃபுல் பீனை (ஒரு பயனருடைய நிலையை நினைவில் வைத்திருக்கும் சேவை) வைத்தால் ஒருவருடைய பாதி வேலை இன்னொருவர் கைக்குப் போகும். ‘கிரியேட்’ செலவு மிச்சம் என்று நினைத்து இதைச் செய்தவர்கள் நிறைய.

—

பாலக்கோடு_தக்காளி எழுதியது:

நான் ஜாவா இல்லை, பிஎச்பி-யின் லாராவெல் ஃபிரேம்வொர்க். தக்காளி மண்டி ஒன்றுக்கு விலைச் செய்தி அனுப்பும் சிறு செயலி வைத்திருக்கிறேன். இங்கே ஃபசாட் (சேவையைச் சுருக்கமாக அழைக்கும் வசதி) என்று இருப்பது உள்ளே லொக்கேட்டரேதான், ஒருமுறை எடுத்த பொருளை ஸ்டாட்டிக் அரேயில் வைத்துக்கொள்ளும். வழக்கமாக ஒரு கோரிக்கை முடிந்ததும் பிஎச்பி எல்லாவற்றையும் துடைத்துவிடுவதால் அது தெரிவதே இல்லை. க்யூ வொர்க்கர் (பின்னணியில் வரிசையாக வேலைகளைச் செய்யும் ப்ராசஸ்) அப்படி இல்லை, நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். எஸ்எம்எஸ் கேட்வே மாற்றினேன். வெப் பக்கத்தில் இருந்து போன செய்தி புது கேட்வேயில் போனது, வொர்க்கர் வழியாகப் போனது இரண்டு நாள் பழைய கேட்வேயிலேயே முட்டிக்கொண்டிருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு விலை போகவில்லை என்றால் ஏலத்துக்கு எந்த மண்டிக்குப் போவது என்று விவசாயிக்குத் தெரியாது. ‘க்யூ ரீஸ்டார்ட்’ என்று ஒரு கட்டளையைக் கொடுத்ததும் சரியாயிற்று. கேஷின் ஆயுள் ப்ராசஸின் ஆயுளோடு கட்டப்பட்டது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

—

ஓசூர்_பேருந்து எழுதியது:

நேற்று பேருந்தில் போகும்போது இந்த இழையை மறுபடி முழுக்கப் படித்தேன். என் முதல் பதிலில் அவசரம் இருந்தது. நாங்கள் மைக்ரோசர்வீஸில் (ஒரே செயலியைச் சிறு சிறு சேவைகளாகப் பிரித்து ஓட்டுவது) லொக்கேட்டர் இல்லை என்று சொல்லிக்கொள்கிறோம், ஆனால் யுரேகா (எந்தச் சேவை எங்கே இருக்கிறது என்று பட்டியல் வைத்திருக்கும் சர்வர்) வைத்திருக்கிறோம். ஒவ்வொரு சேவையும் 30 வினாடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று சொல்லும், 90 வினாடி சத்தம் இல்லை என்றால் பட்டியலிலிருந்து நீக்கம். கிளையன்ட் அந்தப் பட்டியலை 30 வினாடிக்கு ஒருமுறை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும். ஆக, செத்துப்போன சேவையின் முகவரி இரண்டு நிமிடம் கூட உயிரோடு சுற்றும். நிறையச் சேவைகள் ஒரே நேரத்தில் சத்தமில்லாமல் போனால், புதுப்பிப்பு 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும், நெட்வொர்க்தான் கெட்டிருக்கிறது என்று நினைத்து யாரையும் நீக்காமல் விட்டுவிடும். வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது.

அதற்கும் கீழே இன்னொன்று. ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் இயந்திரம்) தானே டிஎன்எஸ் (சர்வர் பெயரை ஐபி முகவரியாக்கும் தேடல்) பதிலைக் கேஷ் செய்யும். வழக்கமாக 30 வினாடி. உங்களுடையது போன்ற பழைய ஜாவாவில் செக்யூரிட்டி மேனேஜர் (பாதுகாப்புக் கட்டுப்பாடு) போட்டிருந்தால் ப்ராசஸ் சாகும்வரை. தோல்வியையும் 10 வினாடி வைத்துக்கொள்ளும். எடைச்சீட்டு, சர்வரை ஐபி மாற்றி வைக்கும் எண்ணம் இருந்தால் இதையும் பாருங்கள்.

—

எடைச்சீட்டு எழுதியது:

நேற்று அதிகாலை ஒரு மணி நேரம் கிடைத்தது. ‘மற’ மெத்தட் போட்டேன். அழைப்புகளை ஒரே இடத்தின் வழியாகப் போகவைத்து, ‘நோ சச் ஆப்ஜெக்ட்’, ‘கனெக்ட்’ இரண்டுக்கு மட்டும் மறுமுயற்சி. சோதனைக்குச் சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன்.

அதே பிழை! லாக்கில் பார்த்தால் லொக்கேட்டர் சரியாக மறந்து, புது ஹோமை எடுத்திருக்கிறது. ஆனால் அழைப்பு பழைய எண்ணோடுதான் போகிறது. அரை மணி நேரம் கண்ணில் மண் தூவியதுபோல உட்கார்ந்திருந்தேன்.

—

பழையஜாவா எழுதியது:

திரை கிளாஸில் ஃபீல்டு இருக்கிறதா பாருங்கள். திரை திறக்கும்போதே ‘கிரியேட்’ செய்து, கிடைத்த சேவையை ஒரு ஃபீல்டில் வைத்திருப்பார்கள்.

—

எடைச்சீட்டு எழுதியது:

அதேதான் சார். எடைத் திரையின் கன்ஸ்ட்ரக்டரில் மூன்று சேவைகளை எடுத்து மூன்று ஃபீல்டில் வைத்திருக்கிறார்கள். லொக்கேட்டரில் ஒரு கேஷ் இருக்கிறது என்றுதான் தேடினேன். அந்த மூன்று ஃபீல்டையும் கேஷ் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அதனால் எனக்கும் தோன்றவில்லை.

மூன்றையும் எடுத்துவிட்டேன். இப்போது ‘சேவ்’ அழுத்தும்போது லொக்கேட்டரிடம் ஹோம் வாங்கி, ‘கிரியேட்’ செய்து, வேலை முடிந்ததும் விட்டுவிடுகிறது. ஒரே கட்டடத்துக்குள் நெட்வொர்க் என்பதால் கூடுதல் தாமதம் கைக்குத் தெரியவில்லை.

இன்னொரு சந்தேகம். எடைக் கருவியிலிருந்து எண் படிக்க ஒரு த்ரெட், திரைக்கு ஒரு த்ரெட், இரண்டும் லொக்கேட்டரைத் தொடுகின்றன. ஹாஷ்மேப் போதுமா?

—

தொப்பூர்க்கணவாய் எழுதியது:

போதாது. முன்பு யாரும் நீக்கவில்லை, இப்போது நீங்கள் நீக்குகிறீர்கள், ஆபத்து கூடியிருக்கிறது. ஜாவா 7 வரை ஹாஷ்மேப் பெரிதாகும் நேரத்தில் இரண்டு த்ரெட் சேர்ந்து எழுதினால் உள்ளே சங்கிலி வட்டமாகிவிட வாய்ப்புண்டு. அப்புறம் ‘கெட்’ முடிவில்லாமல் சுற்றும், சிபியு நூறைத் தொட்டு நிற்கும். கன்கரன்ட் ஹாஷ்மேப் போடுங்கள், அது ஜாவா 5-லிருந்தே இருக்கிறது. ஜாவா 8-இன் ‘கம்ப்யூட் இஃப் ஆப்சன்ட்’ உங்களுக்குக் கிடைக்காது, ‘புட் இஃப் ஆப்சன்ட்’ போதும். இரண்டு த்ரெட் ஒரே ஹோமை இரண்டு முறை தேடினால் நஷ்டம் ஒன்றுமில்லை.

நீக்கும்போது சாவியை மட்டும் கொடுத்து நீக்காதீர்கள். ‘இந்தச் சாவியில் இந்த மதிப்பு இருந்தால் நீக்கு’ என்று இரண்டையும் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரு த்ரெட் புதிதாக எடுத்துவைத்த ஹோமை, பழைய பிழையோடு தாமதமாக வந்த இன்னொரு த்ரெட் தூக்கி எறிந்துவிடும்.

—

பர்கூர்_மாணவி எழுதியது:

ஜேஎன்டிஐ பெயரைத் திரையிலிருந்து பயனர் கொடுக்கும்படி வைத்தால் பொதுவான லொக்கேட்டராகிவிடுமே?

—

பழையஜாவா எழுதியது:

கூடவே கூடாது அம்மா. 2021 டிசம்பரில் லாக்4ஜே-யில் (ஜாவாவில் லாக் எழுதும் நூலகம்) உலகமே ஆடிப்போனது இதே வழியில்தான். வெளியிலிருந்து வந்த எழுத்தை ஜேஎன்டிஐ தேடப் போனது, எவனோ ஒருவனுடைய சர்வரிலிருந்து கோடு இறங்கி ஓடியது. தேடும் பெயர்கள் கோடுக்குள் மாறிலிகளாக இருக்கட்டும்.

—

எடைச்சீட்டு எழுதியது:

இன்று அதிகாலை நாலரைக்கு முதல் மேடையில் வைத்துப் பார்த்தோம். மேடைமேல் காலி டிராக்டர் ஒன்றை நிறுத்தி, முதல் எடை போட்டு, திரையை மூடாமல் சர்வரின் ப்ளக்கையே பிடுங்கினோம். ‘சேவ்’ அழுத்தியபோது ‘சர்வர் இல்லை, சற்றுப் பொறுக்கவும்’ என்று வந்தது. சர்வர் எழுந்ததும் அதே பட்டனை மறுபடி அழுத்தினார் ஆபரேட்டர். சீட்டு வந்தது. பட்டியல் அப்படியே இருந்தது. டேட்டாபேஸில் எண்ணிப் பார்த்தேன், ஒரே பதிவு. கணவாய் அண்ணா சொன்ன கட்டுப்பாட்டைச் சோதிக்க, அதே சீட்டை வேண்டுமென்றே இரண்டாம் முறை அனுப்பினேன், தடுத்துவிட்டது.

சர்வர் எழும் அந்த நாலு நிமிடத்தில் தேடல் தோற்றால் மேப்பில் எதையும் போடாமல் விட்டிருக்கிறேன். வெறும் ‘நல்’ உள்ளே போய் உட்கார்ந்துவிடக் கூடாது என்று பயம்.

இரண்டாம் மேடைக் கணினியில் இன்னும் பழைய ஜார் (ப்ரோக்ராம் கோப்பு) தான் இருக்கிறது. அங்கே பதினொரு வண்டி வரிசையில் இருந்தது, தொடவில்லை. நாளை அதிகாலை மாற்றப் போகிறேன்.